பனடோலும் ஈரப்போர்வையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் சுகாதாரப் பக்கத்தில், 'வெயிலில் மயங்கியவருக்கு இரண்டு பனடோல் கொடுத்து, ஈரத்துணியால் போர்த்தி, உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்' என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். ஒரே வசனத்தில் மூன்று பிழை. இத்தனை சுருக்கமாகப் பிழை விடவும் ஒரு திறமை வேண்டும்.

காய்ச்சலில் மூளைதான் உடம்புச் சூட்டை ஏற்றி வைக்கிறது. பனடோல் அதைத்தான் தணிக்கும். வெயிலில் மயங்கி விழவைக்கும் வெப்பத்தாக்கில் மூளை எதையும் ஏற்றவில்லை. வெளியேற வழியில்லாத சூடு உள்ளே தேங்குகிறது. மாத்திரை அங்கே என்ன செய்யும்? சூட்டில் அடிபட்ட ஈரலுக்கு அது மேலதிகச் சுமை. அறிவு தடுமாறியவரின் வாயில் மாத்திரையோடு தண்ணீர் ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போகும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. போர்த்திய துணியோ சில நிமிடங்களில் சூடேறி, காற்றையும் மறித்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது அந்த 'உடனே அனுப்புங்கள்'. குளிர வைத்த பிறகுதான் அனுப்ப வேண்டும். 1990க்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்குள் சூடு இறங்காவிட்டால் மூளை, சிறுநீரகம், ஈரல் எல்லாம் சேதப்படத் தொடங்கும்.

ஐஸ் தண்ணீர்த் தொட்டி இல்லையென்று கைவிரிக்கத் தேவையில்லை. ஒரு தரப்பாள் காணும். ஆளை நடுவில் கிடத்தி, நாலு பக்கமும் நாலு பேர் தூக்கிப் பிடித்து, ஒருவர் தலையை மேலே தாங்க, பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீரும் மீன்கடை ஐஸும் கொட்டி அலம்ப வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.15 பாகை இறங்கும். ஐஸ் கிடைக்கவில்லையா, 41 பாகை உடம்புக்குக் கிணற்றுத் தண்ணீரும் குளிர்தான். ஊற்றி ஊற்றி விசிறுங்கள். 39க்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் அளவுக்கு மேல் குளிர்ந்துபோகும்.

'வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு' என்றும் முன்பொருமுறை எழுதினீர்கள். ஓடி விழுகிற பிள்ளை தெப்பமாக நனைந்துதான் கிடப்பான். பார்க்க வேண்டியது புத்தியை. தலையிடி, சத்தி, களைப்பு இருந்தும் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னால் நிழலில் கிடத்தி, ஒரு லீற்றரில் ஒரு பக்கெற் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்பு மருந்துத் தூள்) கரைத்துப் பருக்கலாம். ஊர்ப்பெயரை மாறிச் சொன்னால், காரணமில்லாமல் சண்டை பிடித்தால், வலிப்பு வந்தால் அது வெப்பத்தாக்கு.

அப்போதும் திருத்தம் கேட்டு எழுதினேன். 'வாசகர் ஒருவர் பாராட்டியுள்ளார்' என்ற அளவுக்கு வெட்டிப் போட்டீர்கள். நன்றி.

வைத்தியசாலைகளையும் விட முடியாது. கொரோனாவுக்கு வாங்கிய, நெற்றியில் சூடு பார்க்கும் துப்பாக்கி வெப்பமானியை வியர்த்த நெற்றியில் நீட்டி, 38 என்று கண்டு, 'காய்ச்சல்' என எழுதி வரிசையில் இருத்துகிறார்கள். சரியான அளவு மலவாசலில் வைக்கும் வெப்பமானியில்தான் தெரியும். குருதிச் சீனியையும் பார்க்க வேண்டும்; சீனி இறங்கினாலும் இதே தடுமாற்றம் வரும். தெளிந்துவிட்டான் என்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்புவதும் பிழை. ஈரல் பாதிப்பு அடுத்த நாட்களில்தான் இரத்தப் பரிசோதனையில் ஏறும். தசை கரைந்தால் சிறுநீர் தேயிலைச்சாயம் போல் போகும்.

விளையாட்டுப் போட்டிப் படங்களும் தங்கள் பக்கங்களை நிறைக்கின்றன. பந்தலுக்குள் விருந்தினர், வெயிலில் அணிவகுத்த பிள்ளைகள், கடல் ஈரம் சுமந்த காற்றில் காயாத வியர்வை. பேச்சு மட்டும் முக்கால் மணித்தியாலம். மறுநாள் 'மயங்கியும் தளராத மாணவர்கள்' என்று தலைப்பு.

நான் கேட்பது பெரிதல்ல. வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவுப் பெட்டியில் திருத்தம் போடுங்கள். பனடோல் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கோண்டாவில்.