டிக்கெட்டுக்கு முன்னால் மைக்ரோசிப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபோனபோது வீட்டு நாயைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போக நேர்ந்ததைச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'ஒரு நாய்க்கு இத்தனை காகிதமா?' என்று கேட்டிருந்தார். அவர் வருத்தம் புரிகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். விமான டிக்கெட்டை எடுத்த பிறகு எங்களிடம் வருபவர்கள்தான் அதிகம். அப்போது மருத்துவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை. அதனால் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் நம் நாட்டு நாய், பூனைகளுக்குத் தடுப்பூசி அட்டை மட்டும் போதாது என்கின்றன. ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் சொல்ல வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகே ரத்தம் எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பணம் கொடுத்தாலும் கெஞ்சினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. ஆஸ்திரேலியாவுக்கு இன்னும் நீளம்: ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 180 நாள், தனியாக இறக்குமதி அனுமதி, அப்புறம் மெல்பர்ன் பக்கத்தில் மிக்கில்ஹாமில் தனிமைக் காப்பு.

எல்லாவற்றுக்கும் முதல்படி மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு. சிப் வைத்த பிறகு போட்ட ஊசியைத்தான் பிரிட்டனும் ஐரோப்பாவும் கணக்கில் எடுக்கும். அரசு முகாமில் இலவசமாகப் போடும் ரேபிஸ் ஊசி நம் பிள்ளைகளையும் நாய்களையும் காப்பாற்றுகிறது; அதை ஒருபோதும் விடக்கூடாது. ஆனால் சிப் இல்லாத நாய்க்குப் போட்டிருந்தால் பயணத்துக்கு மறுபடி போட்டாக வேண்டும். சிப் எண் 15 இலக்கம். தோள்பட்டை நடுவில் ஸ்கேனரை வைத்து, திரையில் வரும் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் தடுப்பூசி அட்டையிலும் ஆய்வகப் படிவத்திலும் விரல் வைத்துச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஓர் இலக்கம் மாறினால் போதும், அந்த ரத்தம் வேறு நாயுடையதாகிவிடும். உங்கள் மருத்துவரிடமும் இப்படிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இந்த ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை தேறினால் நாய், பூனையின் ஆயுள் முழுக்க அது செல்லும். ஒவ்வொரு மறு ஊசியையும் முந்தையது காலாவதியாவதற்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே விசாவுக்கு மனு போடும் வாரத்திலேயே, அல்லது போகலாமா என்று வீட்டில் பேச்சு எழும்போதே, ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. போகாவிட்டாலும் நஷ்டம் பரிசோதனைச் செலவு மட்டும்தான்.

நம் குடும்பங்களில் அப்பா முதலில் போய், வேலை நிலைத்து, வீடு பார்த்த பிறகு மற்றவர்கள் போவது சகஜம். நாய் யாரோடு போகிறது என்பதை அப்போதே யோசியுங்கள். உரிமையாளர் பயணத்துக்கு ஐந்து நாள் முன்பின்னுக்குள் நாயும் போகாவிட்டால், ஐரோப்பாவும் பிரிட்டனும் அதை வணிகச் சரக்காகக் கருதும்; விதிகளும் சான்றிதழும் வேறு.

கடைசி நாட்களின் வேலை எளிது, ஆனால் தேதி கறார். அரசு கால்நடை மருத்துவர் முத்திரையிடும் சுகாதாரச் சான்றிதழோடு, முத்திரையிட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் போய் இறங்க வேண்டும். பிரிட்டனுக்கு நாய் என்றால், இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்னால் மருத்துவரே நாடாப்புழு மருந்து கொடுத்து நேரத்தோடு பதிய வேண்டும். பிரிட்டனுக்கு விமானத்தில் சரக்குப் பகுதியில்தான் போக முடியும். கூண்டில் நாய் நிற்கவும் திரும்பவும் இடம் இருக்கட்டும், இப்போதிருந்தே அதில் படுக்கப் பழக்குங்கள்.

குடியேற்றம் பற்றி நீங்கள் வெளியிடும் பக்கங்களில் விசா, பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் வருகின்றன. அந்தப் பட்டியலில் முதல் வரியாக நாய், பூனைக்கான சிப்பையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்க்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்