முடிச்சு அவர்கள் போட்டதாகவே இருக்கட்டும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

பிள்ளைகளோடு சேர்ந்து நீ செய்து தொங்கவிடும் கலைவேலைக்குக் கேட்ட பனைநாரை பார்சலில் போட்டுவிட்டேன். எருத்தேம்பதிப் பக்கம் பனையின் கருக்குமட்டை வாங்கி, ஓரத்து முள்ளைச் சீவி, நானே கிழித்தது. மட்டையின் வெளிநாரான புறணியையும் உள்நாரான அகணியையும் தனித்தனிக் கட்டாக வைத்திருக்கிறேன், கலந்துவிடாதே. கட்டுவதற்கு முந்தின ராத்திரி தண்ணீரில் போட்டால் போதும். காய்ந்த நாரை வளைத்தால் பட்டென்று ஒடியும். நாள்கணக்கில் ஊறப்போட்டால் நாற்றம் எடுக்கும், பூஞ்சை பிடிக்கும்.

சரி, போனில் சொன்னாயே, அதற்கு வருகிறேன். பிள்ளைகள் நாரால் பின்னிய சட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, ஒருத்தன் இறுக்கிவிட்டான், ஒருத்தி தொங்கவிட்டுவிட்டாள், எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து பிரித்துக் கட்டப்போகிறேன் என்றாய். அதைச் செய்யாதே கண்ணு. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நார்க்கட்டில் பின்னியே வயதான ஆள் நான். கட்டிலுக்கு இழுப்பு ஒரே சீராக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் படுக்கிறவனின் இடுப்பு அங்கேதான் போய் இறங்கும். அதனால் கூட உட்கார்ந்து பின்னுகிறவன் தப்பாக இழுத்தால் நான் விடமாட்டேன். ஆனால் நீ செய்வது கட்டில் இல்லையே. அதில் உருவம் கிடையாது, நாரும் நிழலும் இடைவெளியும்தான் என்று நீதான் எனக்கு விளக்கினாய். அப்படியென்றால் எந்தக் கை எப்படி இழுத்தது என்பதுதானே அங்கே பார்க்க இருக்கிறது? அதையும் நீ சமன் செய்துவிட்டால், இருபது பேர் வேலை செய்த இடத்தில் உன் கை மட்டும்தான் நிற்கும். பிறகு கூட்டு வேலை என்று அதைச் சொல்ல முடியாது.

நீ இருக்கும் பரோடாவில் பாடம் நடத்திய ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் நம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரர், 1924இல் கூத்துப்பறம்பில் பிறந்தவர் என்று நீ சொல்லித்தான் தெரியும். அவர் காலத்தில் அங்கே நடந்த கலைச் சந்தைக்கு வாத்தியார்களும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பொம்மை செய்வார்களாம். அவரிடம் படித்த மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டே ஆள் உயரச் சிற்பங்கள் செய்தவர் என்று படம் காட்டினாய். அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கள் தொழிலில் அப்படி ஒரு முடிச்சு கிடையாது. அவர் மாணவியாக இருந்தபோது வாத்தியார் ராத்திரியில் வந்து அதையெல்லாம் அவிழ்த்துத் திருத்தியிருந்தால் அந்தக் கை எங்கே உருவாகியிருக்கும்?

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. மேலே உத்திரத்தில் தொங்கவிடும் கட்டு உன் பொறுப்பு. பாரம் தாங்குகிற இடத்தில் யாருடைய விருப்பத்துக்கும் இடம் கொடுக்காதே, அங்கே நாரை நம்பாமல் நைலான் கயிறு போடு. அப்புறம் இன்னொன்று: ஈரத்தில் உப்பியிருக்கும் நார் காய்ந்ததும் சுருங்கும், முடிச்சு நெகிழும். மறுநாள் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அதையும் நீ செய்யாதே. யார் போட்ட முடிச்சோ அவர்களே வந்து இழுக்கட்டும். தொங்கவிட்டவள் தொங்கலாகவே இழுப்பாள், பரவாயில்லை.

வாசல் பலகையில் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரவேண்டும். உன் பெயர் மேலே பெரிதாகவும் அவர்கள் பெயர் கீழே பொடியாகவும் போட்டால் எனக்குப் பிடிக்காது, சொல்லிவிட்டேன்.

கிழக்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. பனைத் தோப்புப் பக்கம் பேசினால் காதில் விழுவதில்லை. அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. நார் போதவில்லை என்றால் சனிக்கிழமைக்குள் சொல். மட்டைக்காரர் அதற்குப் பிறகு பொள்ளாச்சிப் பக்கம் போய்விடுவார்.

அன்புடன்,
அப்பா