அப்பட்ஸ்ஃபோர்ட் கப்பும் எங்கட மார்லீஸும்

ரவி மச்சான்,

எப்பிடியடா இருக்கிறாய், வீட்டில எல்லாரும் சுகம்தானே. 2025 ஜூன் மாசம் உங்கட அப்பட்ஸ்ஃபோர்ட் பெடியள், வான்கூவர் கனக்ஸின்ர கீழ் ரீம், ஐஸ் ஹொக்கியில என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல்லின்ர கால்டர் கப் எடுத்த உடனையே எழுத நினைச்சனான், அதுக்குள்ள அக்கான்ர மகளின்ர கலியாணம் வந்திட்டுது, மண்டபம், சொந்தக்காரர், சாப்பாடு எண்டு ஜூலையும் போட்டுது. நீ சர்ரேயில இருந்துகொண்டு ஃபைனல் மட்ச் ஒண்டாவது நேர போய்ப் பாத்திருப்பாய் எண்டு நினைக்கிறன். ஷார்லட்டை 6 மட்ச்சில முடிச்சது லேசான வேலையில்ல. மனி மல்ஹோத்ரா கோச்சா வந்த முதல் வருசமே கப், சரியான சந்தோசமடா.

ஆனா கோல் காத்த சிலோவ்ஸை பிட்ஸ்பர்க்குக்குக் குடுத்திட்டாங்கள் எண்டு கேட்டு உனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு விளங்குது. ப்ளேஓஃப்ஸின்ர, அதான் சீசன் முடிவில கப்புக்கான மட்ச்சுகளின்ர, எம்விபி, ஆகச் சிறந்த ஆள், கப் எடுத்து ஒரு மாசம் கூட ஆகேல்ல. ஆனா யோசிச்சுப் பார், மேல வான்கூவரில கோல் காக்க டெம்கோவும் லங்கினனும் இருக்கிறாங்கள், இவனை இனிக் கீழ அனுப்பிறதெண்டால் வேவர்ஸில போட வேணும், போட்டால் மற்ற 31 என்எச்எல் ரீமில எவனும் சும்மா தூக்கிக்கொண்டு போகலாம். அப்ப சும்மா விடுறதை விட ஏதாவது வாங்கிறது சரிதான். எங்கட ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு அமேடியோ போன மாதிரி போகாமல் இருந்தால் காணும். ஞாபகம் இருக்கோ, 2021 ஒக்ரோபர் வேவர்ஸில வேகாஸ் எடுத்தவங்கள், 2023ல அவன் என்எச்எல்லின்ர ஸ்டான்லி கப்போட நிக்கிறான்.

இங்க எங்கட கதையைக் கேள். மே மாசம் ப்ளேஓஃப்ஸில ஃப்ளோரிடாவிட்ட 7ஆவது மட்ச் 6-1 எண்டு தோத்தது உனக்குத் தெரியும், எங்கட பெரிய ஆள் மார்னரும் வேகாஸுக்குப் போட்டான், இங்க எல்லாரும் மார்னரைப் பற்றித்தான் கதைக்கினம். எனக்கு அதை விடக் கவலை கீழ எங்கட ஏஎச்எல் ரீம் மார்லீஸில என்ன இருக்கு எண்டுதான். வருசா வருசம் இளம் பெடியளை முறை வைச்சு எடுக்கிற டிராஃப்டில எங்கட 2025 முதல் ரவுண்ட் பிக், அதான் முதல் சுற்றில ஆள் எடுக்கிற உரிமை, மக்கேப் எண்ட ஆளுக்காக 2023லயே சிக்காகோவுக்குப் போட்டுது, 2026 பொஸ்டனுக்கு, 2027 பிலடெல்பியாவுக்கு, அந்த பிக் மேல் இடத்தில விழுந்தால் எங்களுக்கே தப்பும் எண்டு கண்டிசன் இருக்கு, ஆனா பிளேஓஃப் போற ரீமுக்கு அது என்னத்துக்கு. 2025ல நாங்கள் முதல் எடுத்த ஆளே 64ஆவது, கோப்லார் எண்ட நோர்வே பெடியன். அதோட மார்ச்சில மின்டனும் போட்டான், உங்கட வான்கூவர் பெடியன், 20 வயசு, ரெண்டு பக்கமும் விளையாடுற சென்டர். அவனையும் 2026 பிக்கையும் குடுத்துப் பொஸ்டனிட்ட வாங்கின கார்லோவுக்குக் கொன்ராக்ற் 2027 வரைக்கும் இருக்கு, ஆள் பெரிய டிஃபென்ஸ்மன், அதையாவது ஏற்றுக்கொள்ளலாம். பிலடெல்பியாவின்ர லோட்டனுக்கு அந்த 2027 பிக்கும் இளம் பெடியன் கிரெபென்கினும் குடுத்தது எனக்கு இண்டைக்கும் சரியாப் படேல்ல. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுற வேலையடா அது.

இது இண்டைக்கு நேற்றுத் தொடங்கினதும் இல்ல. 2015ல கிராப்னர் எண்ட ஒரு ஆளுக்காக 5 பேரைக் குடுத்தவங்கள், அதில ஒருத்தன் வெர்ஹேகி. கிராப்னர் ஒரு சீசனோட நியூயோர்க்குக்குப் போட்டான், வெர்ஹேகி டம்பாவில ஒண்டும் ஃப்ளோரிடாவில ரெண்டும் எண்டு 3 கப் எடுத்திட்டான். மார்ச்மன்ட்டை நினைச்சால் இன்னும் நோகும். டிராஃப்டில ஒருத்தரும் எடுக்காத ஆள், இங்க பக்கத்தில அக்ஸ்பிரிட்ஜ், மார்லீஸில வருசக்கணக்கா கிடந்து உடம்பைத் தேத்தி 2018 கப் எடுத்த ரீமிலயும் இருந்தவன். 2020ல ஃப்ளோரிடாவுக்குக் குடுத்தாங்கள், 2022ல அங்க 54 மட்ச்சில 47 பொயின்ட்.

பொறுத்திருந்தால் என்ன வரும் எண்டுக்கு எங்கட கண்ணுக்கு முன்னாலயே ரெண்டு பேர் வந்தவை. கோல் காக்கிற வோல் 2016 டிராஃப்ட், 62ஆவது, கொலீஜ், பிறகு மார்லீஸ், அடிக்கடி காயம், கன பேர் கைவிட்டிட்டினம். 2025 மே ஃப்ளோரிடாவோட முதல் மட்ச்சிலயே மற்றக் கோல்காப்பாளன் ஸ்டோலார்ஸ் அடிபட்டு வெளிய போக அந்த சீரிஸ் முழுக்கத் தாங்கினது அவன்தான். மற்றது மக்மன், கோல்கேட் யுனிவர்சிற்றியில படிச்சிட்டு ஏஎச்எல்லுக்கும் கீழான ஈசிஎச்எல் வரைக்கும் இறங்கி ஏறி வந்தவன். 2024 பெப்ரவரி சென்ட் லூயிஸோட அவனை விளையாட விடுறதாவே இல்ல, கடைசி நேரம் இடம் கிடைச்சுது, அண்டைக்கு 3 கோல், ஹட்ரிக் அடிச்சவன். இப்பிடியான ஆள் வாறதுக்கு 23, 24, 25 வயசெல்லாம் ஆகும், அது வரைக்கும் 72 மட்ச் சீசன், பஸ் பயணம், சனி ஞாயிறு அடுத்தடுத்து மட்ச் எண்டு ஒரு இடத்தில விளையாடத்தான் வேணும். என்எச்எல்ல இருக்கிறவையில கிட்டத்தட்ட 90 வீதம் ஏஎச்எல்லால வந்தவையாம், அந்தப் படியை வெறும் காத்திருக்கிற இடமா நினைச்சு ஆளை விக்கிறதுதான் எனக்கு விளங்கேல்ல.

இந்த 2025ல மிச்சமிருக்கிற இளம் ஆக்களில கோவன்தான் முதல். ஒன்ராறியோவில இருக்கிற ஜூனியர் ரீம் லண்டன் நைட்ஸோட மெமோரியல் கப், அதில எம்விபி, 20 வயசாச்சு, இனி மார்லீஸுக்கு அனுப்பலாம். முதல் அங்க கொஞ்சம் விளையாடட்டும், மேல லீஃப்ஸில மூண்டாவது நாலாவது லைன்ல 8 நிமிசம் குடுத்து இருத்தி வைக்கிறதை விட அங்க 20 நிமிசமும், எதிர் ரீமில ஆள் குறைஞ்ச நேரம் விளையாடுற பவர் ப்ளேயும் அவனுக்கு நல்லது. ஹில்டபி 6 அடி 7 அங்குலம், கோல்காப்பாளன், நெற்றுக்கு முன்னால நிண்டால் வலையே தெரியாது. க்வில்லனைக் கொஞ்சம் கவனிச்சுப் பார் மச்சான், 2023ல யூனிவர்சிற்றி ஃபைனல்ல ஓவர்டைம் தொடங்கி 10 செக்கன்ல கோல் அடிச்சுக் க்வினிப்பியாக்குக்குப் பட்டம் எடுத்துக் குடுத்தவன், அவனையும் டிராஃப்டில ஒருத்தரும் எடுக்கேல்ல. மார்லீஸ் விளையாடுற கோலிசியத்தில கீழ் வரிசையில இருந்தால், பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்கிற ஃபேஸ்ஓஃப் நேரம் அவன் தடியை ஐஸில அமத்திப் பிடிச்சுத் தோளால மற்றவனைத் தள்ளுறது வடிவாத் தெரியும், ஸ்கேட் ஐஸை வெட்டுற சத்தமும் கோச் கத்துறதும் கேக்கும். லீஃப்ஸின்ர டவுன்ரவுண் அரீனாவில கொள்ளை விலை குடுத்தாலும் இவ்வளவு கிட்ட இருக்கேலாது.

கிறிஸ்மஸுக்கு அம்மாவைப் பாக்க வருவன் எண்டு சொன்னனி, தேதியைக் கெதியாச் சொல்லு, மார்லீஸ் மட்ச் ஒண்டுக்கு உனக்கும் பெடியனுக்கும் சேத்து ரிக்கெற் எடுக்கிறன். உங்கட பக்கத்தில இளம் ஆள் லெக்கரிமாக்கி எப்பிடி விளையாடுறான் எண்டும் எழுது, இங்க இருந்து அவன்ர மட்ச் பாக்கிறதெண்டால் முடிய இரவு ஒரு மணியாகும்.

அன்போட,
குமார்