சத்தம் உண்டு, படம் இல்லை

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, தம்பி, ஆச்சி எல்லோரும் நலமா? தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன வாரம் டிவியைப் பற்றி நான் சொன்னதில் பாதி ஆச்சியின் இருமலில் போனது. மீதி, "சாப்பிட்டியா, மெலிஞ்சிட்டியா" என்று நீ கேட்டதில் போனது. எழுத்தில் இருந்தால் தம்பி பார்த்துச் செய்வான்.

நம் வீட்டு டிவியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதே. "பேனல் போச்சு, புதுசு வாங்கிருங்க" என்று கடைக்காரர் சொன்னாராமே, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டா சொன்னார்? சத்தம் கேட்கிறது, சேனல் மாறுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் பெரும்பாலும் பேனல், அதாவது படம் காட்டுகிற திரை, நன்றாகத்தான் இருக்கும்.

இங்கேயும் அதே கதைதான் நடந்தது. நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன 32 இஞ்ச் டிவி ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் இருண்டுவிட்டது. இந்த ஊரில் ரிப்பேர் பார்க்கிற வழக்கம் குறைவு. புதுசு வாங்கினால் கடைக்காரர்களே பழசை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல நல்ல டிவி லிஃப்ட் பக்கம் அநாதையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். காலி பாட்டிலைக்கூட அடுப்படியை விட்டு வெளியே போடாத உனக்குப் பிறந்தவன் இல்லையா?

அறையில் இருக்கிற தென்காசிப் பையன்தான் வழி சொன்னான். விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போட்டு, போன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தோம். கலங்கல் தண்ணீருக்குள் மீன் தெரிகிற மாதிரி, செய்தி வாசிக்கிற பெண் மங்கலாகத் தெரிந்தாள். படம் அங்கேயேதான் இருந்திருக்கிறது! பின்னால் இருக்கிற விளக்குதான் (பேக்லைட்) செத்திருக்கிறது.

இந்த டிவித் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் பட்டை பட்டையாக எல்இடி விளக்குகள் எரிந்தால்தான் படம் தெரியும். நம் அம்மன் கோயில் கொடைக்குச் சீரியல் லைட் போடுவார்களே, ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணையுமே, அதே கணக்குதான்.

பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த மாடல் நம்பரைக் கொடுத்து ஆன்லைனில் புதுப் பட்டைகள் வாங்கினேன். 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சோதிக்கிற மீட்டரை சிம் லிம் டவரில் வாங்கினேன். மாடி மாடியாக எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற கட்டடம் அது. உள்ளே போனால் அப்பாவுக்கு வெளியே வர மனசே வராது.

பேனலைக் கழற்றும்போதுதான் உயிர் போனது. பெரிய அப்பளம் மாதிரி, லேசாக வளைந்தாலே விரிசல் விடும். ஓரத்தில் தொங்குகிற மெல்லிய ரிப்பன் வயர் கிழிந்தால் எல்லாம் முடிந்தது. இரண்டு பேராகத் தூக்கி மெத்தையில் வைத்தோம். அதற்கடியில் வெள்ளைத் தாள்கள் மூன்று. அதையும் எடுத்தால் ஜவ்வரிசி வடகம் காயப்போட்ட மாதிரி வரிசையாகப் பிளாஸ்டிக் குமிழ்கள். ஒரு குமிழுக்குள் மட்டும் மிளகளவு கறுப்பு. அதுதான் கருகிய விளக்கு.

ஒன்றுதானே போயிருக்கிறது என்று அதை மட்டும் மாற்றினால், கூட உழைத்த மற்றவை அடுத்தடுத்துப் போகும். அதனால் எல்லாப் பட்டையையும் மாற்றிவிட்டேன். தாள்களுக்கு நடுவே என் தலைமுடி ஒன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை. இப்போது கிரிக்கெட் பார்த்தால் வலது மூலையில் எப்போதும் ஒரு கோடு.

தம்பி டார்ச் அடித்துப் பார்க்கட்டும், அதோடு சரி. மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். உருவம் தெரிந்தால் அம்பாசமுத்திரத்தில் வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், "பேக்லைட் மாத்தணும்" என்று சொல்லச் சொல். டார்ச் அடித்தும் ஒன்றும் தெரியாவிட்டால் போர்டில் கோளாறு இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல். அப்பாவிடம் ஒரு வார்த்தை: அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவி தலையில் தட்டினால் வழிக்கு வந்தது. இதைத் தட்டக் கூடாது. சரியாகி வந்ததும் டிவி செட்டிங்கில் பேக்லைட் அளவை 100-லிருந்து 60-க்குக் குறைத்து வை. சூடு குறைந்தால் விளக்கு நாள்பட உழைக்கும்.

ராத்திரி நாடகத்தில் யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது, யார் அழுகிறாள் என்றுதான் தெரியவில்லை என்று புலம்பினாயே. நாளைக்கு டார்ச் அடித்துப் பார்த்து, யாரென்று போன் பண்ணு.

உன் மூத்தவன்