கிணற்றுக் கவலை

அன்புள்ள அம்மிணிக்கு,

மாட்டுப் பொங்கலன்று பட்டியில் உறவுக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போது, "இந்த முனைவர் படிப்பு எப்போதுதான் முடியும்?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லாமல் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். அன்றிலிருந்து அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். போனில் பேசினால் என் குரல் தானாக உயர்ந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இங்கே போட்டுவிட்டுப் போன பழைய போனில், உன் ஆய்வுக்காகப் பதிந்த உடுக்கைப் பாட்டுக்காரரின் பதிவுகள் இருந்தன. ஒரு ராத்திரி மோட்டாருக்கு மின்சாரம் வரும்வரை விழித்திருக்க வேண்டியிருந்தது. சும்மா கேட்பானேன், எழுதிக் கொடுத்தால் மகளுக்கு ஒரு வேலை மிச்சமாகுமே என்று நோட்டை எடுத்தேன். ஒரு மணி நேரப் பாட்டுக்கு இரண்டு ராத்திரி போதும் என்று நினைத்தேன். பதினொரு ராத்திரி ஆயிற்று.

ஒரே வரியை மூன்று தரம் பாடுகிறார், மூன்றாவது தரம் ஒரு சொல் மாறிவிடுகிறது. எதை எழுதுவது? பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவதை எழுதுவதா, விடுவதா? உடுக்கை வேகம் பிடித்தால் சொல்லே கரைந்துபோகிறது. ஓர் இடத்தில் அவர் பாடுகிறாரா அழுகிறாரா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. மொத்தம் நாற்பத்து மூன்று பக்கம் எழுதினேன். பிறகு போனில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கூட்டிப் பார்த்தேன். இருபத்தாறு மணி நேரம். நோட்டை மூடிவிட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டேன்.

உன் அலமாரியில் இருந்ததையும் புரட்டினேன். நம் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் அம்மையார், பொன்னர், சங்கர் பாட்டான அண்ணன்மார் கதையை 1965இல் ஒலிநாடாவில் பதிந்திருக்கிறார். அது தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் வந்தது 1992இல். இருபத்தேழு வருஷம்! அவரை யாரும் பட்டியில் நிறுத்தி "எப்போது முடியும்" என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார்கள், நம் ஊர்தானே.

இனி முக்கியமான விஷயம். உன் குறிப்பேட்டில் ஒரு வரியின் பக்கத்தில் பென்சிலால், "கவலை ஓட்டி: துயரம் நீக்கி? உருவகமா?" என்று எழுதியிருக்கிறாய். நான் சிரித்த சிரிப்பில் அம்மா தூக்கம் கலைந்து எழுந்து வந்துவிட்டாள். அம்மிணி, அது கிணற்றுக் கவலை, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற ஏற்பாடு. மதுரைப் பக்கம் கமலை என்பார்கள். ஒரு சோடி மாடு, தண்ணீர் மொள்ள ஓர் இரும்புச் சால், சாலின் அடியில் தோல் வால். சாலுக்கு வடக்கயிறு, வாலுக்கு வால்கயிறு. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலேறி வரும், வால் வழியே தண்ணீர் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். 1932இல் நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் வந்தபின் கோயமுத்தூர்ச் சீமையில் ஒவ்வொரு கிணறாகப் பம்புசெட் ஏறியது. நம் கிணற்றுக்கு அது வந்து சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். மாடுகள் இறங்கும்போது என் அப்பா, உன் அப்பாரு, வடத்தின்மேல் உட்கார்ந்து வருவார். அப்போது பாடவும் செய்வார். நீ பிறந்தபோது, கவலைக்காக முன்பு நட்டிருந்த கல் இரண்டு மட்டும் நின்றன, அதில் நீ கொடி கட்டித் துணி காயப்போட்டாய். உனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் மறுநாள் அதே இடத்தைத் திரும்பக் கேட்டேன். தங்கையை நினைத்துக்கொண்டே அண்ணன் தண்ணீர் இறைக்கிற கட்டம் அது. பாட்டுக்காரர் இரண்டு அர்த்தத்தையும் தெரிந்தேதான் ஒரே கயிற்றில் கட்டினாரோ என்று தோன்றுகிறது. அப்படியானால் உன் பென்சில் குறிப்பிலும் பாதி சரி. அதை நீயும் உன் நெறியாளரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக உன் ஆய்வேட்டின் இயல் அவர் மேசையில் கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். அதில் நான் தலையிட மாட்டேன்.

ஒன்றில் மட்டும் எனக்குக் கோபம். உதவித்தொகை ஐந்து வருஷத்தோடு நின்றுபோகும் என்று நீ சொல்லவே இல்லை. கடைசியில் மாதம் 42,000, அதுவும் நாலு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து வந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆய்வேட்டை முடிக்க விதிப்படி ஆறு வருஷம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷம் இடம் உண்டாம். பணம் மட்டும் ஐந்து வருஷத்துக்குத்தானாம். தீவனத்தை நிறுத்திவிட்டுப் பாலுக்குச் செம்பை நீட்டுகிற கணக்கு இது. ராத்திரியெல்லாம் விளம்பரங்களை மொழிபெயர்த்துதான் அறை வாடகை கட்டுகிறாய் என்பதை உன் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன ஞாயிறு பழையகோட்டைச் சந்தையில் மயிலைக் காளையை விற்றேன். உனக்காக விற்றதாகச் சினிமாபோல நினைத்துக்கொள்ளாதே, அது எப்படியும் விற்க வேண்டியதுதான். பணம் உன் கணக்கில் ஏறியிருக்கும். விளம்பர வேலையை நிறுத்திவிடு.

சந்தையில் உன் பெரிய மாமன் வழக்கம்போல, "பாப்பா முடித்துவிட்டாளாங்க?" என்று கேட்டார். "இல்லைங்க, கவலை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, காளையின் பல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

நோட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கொரங்காடு, இட்டேரி, சாளை என்று நம் பக்கத்துச் சொற்கள் வருகிற இடங்களில் ஓரமாக விளக்கம் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். நாற்பத்தொன்றாவது நிமிஷத்தில் ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அங்கே நாய் குரைக்கிறது. அது நம் கருப்பன்தான், அன்றைக்கு அவனைக் கட்டிப்போடாதது என் தவறு. பாட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். அந்த ஒரு வரியைத் தனியாகப் பாட வராதாம், முதலிலிருந்தேதான் பாட வேண்டுமாம். போனில் எதை அழுத்தினால் பதிவாகும் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா