பச்சை-பொன் ஸ்காஃப் கேட்டோம், சிவப்பு அனுப்பினீர்கள்: எங்கள் காசைத் திருப்பித் தாருங்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் ஓகஸ்ட் தொடக்கத்தில் நாங்கள் இருபது ஸ்காஃப் ஓடர் செய்தோம். பச்சையும் பொன்மஞ்சளும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும் பின்னல் ஸ்காஃப், இரண்டு முனையிலும் குஞ்சம். நீங்கள் போட்டிருந்த படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. முழுக் காசையும் முன்கூட்டியே வங்கியில் போட்டோம். திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் போய் கூரியர் பார்சலை எடுத்து வந்து பிரித்தால், உள்ளே இருபதும் சிவப்பு. மன்செஸ்டர் யுனைடட் உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னம் தைத்து, அதிகாரபூர்வத் தயாரிப்பு என்று மினுங்கும் சிறு லேபல் ஒட்டி, ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில். பார்சலோடு வந்த பற்றுச்சீட்டில் மட்டும் "பச்சை-மஞ்சள் ஸ்காஃப், 20" என்றே இருக்கிறது. அதாவது நாங்கள் என்ன கேட்டோம் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் வேறொன்றை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

உடனே உங்கள் கடைக்கு அழைத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவரில் எனக்குக் கோபமில்லை. பச்சை முடிந்துவிட்டது, அதனால் இதைப் போட்டோம் என்றார். "ரெண்டும் ஒரே டீம்தானே அண்ணா, இது ஒரிஜினல் வேற, எங்களுக்குத்தான் நட்டம்" என்றார். திருப்பி எடுக்கச் சொன்னதற்கு, பையைத் திறந்துவிட்டால் எடுப்பதில்லை என்றார். பார்சலைத் திறக்காமல் உள்ளே என்ன நிறம் என்று எப்படித் தெரியும்? அதோடு, திருகோணமலையில் இந்த வெக்கைக்குள் ஸ்காஃப் எதற்கு என்றும் கேட்டார். கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் குளிருக்காகக் கழுத்தில் சுற்ற யாரும் ஸ்காஃப் வாங்க மாட்டார்கள். ஆகவே அது எதற்கு என்று உங்களுக்கு விளக்கமாகவே எழுதுகிறேன். அது விளங்கினால்தான் ஏன் மாற்றுப் பொருள் வேண்டாம், காசுதான் வேண்டும் என்று கேட்கிறோம் என்பதும் விளங்கும்.

நாங்கள் உவர்மலை, லிங்கநகர், உப்புவெளிப் பக்கத்துப் பொடியள், சில மூத்த அண்ணாமாரும் உண்டு. எல்லோரும் மன்செஸ்டர் யுனைடட் ரசிகர்கள். ஆட்டம் உள்ள இரவுகளில் ஒரு வீட்டில் கூடிப் பார்ப்போம். அந்தக் கழகத்தை 2005 இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 790 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனின் பெரும் பாரம் வாங்கியவர்கள் தலையில் விழவில்லை, அதுவரை கடனே இல்லாமல் இருந்த கழகத்தின் தலையில் ஏற்றப்பட்டது. ஒருவன் வள்ளத்தையே ஈடு வைத்துக் கடன் எடுத்து, அதே வள்ளத்தை வாங்கி, கடலுக்குப் போகிறவர்கள் பிடித்து வரும் மீனில் வட்டி கட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இந்த இருபது வருடத்தில் வட்டி, பங்கிலாபம், கட்டணம் என்று ஒரு பில்லியன் பவுணுக்கும் மேல் கழகத்தை விட்டு வெளியே போயிருக்கிறது. கடன் இன்னும் தீரவில்லை. 2012 இல் நியூயோர்க் பங்குச் சந்தையில் பங்கு விற்றபோதும் குடும்பத்தின் கையில் உள்ள பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு, வெளியே வாங்கியவர்களுக்கு ஒன்றுக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு யார் என்ன கேட்டாலும் கேள்வி அவர்களிடம் போய்ச் சேராது.

இனி நிறத்துக்கு வருகிறேன். 1878 இல் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கியபோது இந்தக் கழகத்தின் பெயர் நியூட்டன் ஹீத். அவர்களோடு சேர்த்து நினைக்கப்படும் நிறம் பச்சையும் பொன்னும். 1902 இல் வெறும் 2,670 பவுண் கடனுக்காகக் கழகத்தை இழுத்து மூடப் பார்த்தார்கள், ஜோன் ஹென்றி டேவிஸ் என்ற மதுபான உற்பத்தியாளர் வந்து காப்பாற்றினார், அதற்குப் பிறகுதான் மன்செஸ்டர் யுனைடட் என்ற பெயரும் சிவப்பும். 2010 இல் கிளேசர்களை எதிர்த்த ரசிகர்கள் அந்தப் பழைய நிறத்தைத்தான் திரும்ப எடுத்தார்கள். முன்பு யுனைடடில் ஆடிய டேவிட் பெக்கம், அந்த மார்ச் மாதம் யுனைடடுக்கு எதிராக ஏ.சி. மிலானுக்கு ஆட வந்து, 4-0 என்று தோற்று வெளியே போகும்போது, பார்வையாளர் பக்கத்திலிருந்து வந்த பச்சை-பொன் ஸ்காஃப் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்க்காத யுனைடட் ரசிகர் எங்கள் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்திலேயே அந்த ஸ்காஃபுக்குக் கீழே "எதிர்ப்பு நிறம்" என்றுதான் எழுதி விற்றீர்கள்!

சரி, மன்செஸ்டரில் நடக்கும் சண்டைக்குத் திருகோணமலையில் இருந்து என்ன செய்ய முடியும்? இதைத்தான் எங்களுக்குள் பல இரவு வாதாடினோம். ஆட்டம் முடிந்து தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் வாதாடியிருக்கிறோம். எங்களில் மூத்த அண்ணா ஒருவர், 1999 இல் பார்சிலோனாவில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக்கை, 90 நிமிடம் முடிந்து கூட்டிக் கொடுத்த சில நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து யுனைடட் வென்ற இரவைக் கண்ணால் கண்டவர், அவர் எந்தப் பகிஷ்கரிப்புக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கழகம் வேறு, முதலாளி வேறு, முதலாளியில் உள்ள கோபத்தை விளையாடுகிற பிள்ளைகளில் காட்டக் கூடாது என்பது அவர் கட்சி. இளையவன் ஒருவன் ஜிம் ரட்கிளிஃபுக்குக் கொஞ்சம் காலம் கொடுப்போம் என்றான். 2024 இல் கால்வாசிக்குச் சற்று மேல் பங்கு வாங்கி, உதைபந்தாட்டப் பொறுப்பை எடுத்தவர் அவர்தான், காசும் போட்டிருக்கிறார், கிளேசர்களைப் போல எடுத்துக்கொண்டு மட்டும் போகவில்லை என்றான். அதற்கு இன்னொருவன், அவர் வந்த பிறகு முதலில் 250 பேர் வேலை போனது, பிறகு இன்னும் 200 பேர் வரை, ஊழியர்களுக்கு இருந்த இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார்கள், பருவத்தின் நடுவில் டிக்கெட்டை 66 பவுண் ஆக்கி, சிறுவருக்கும் வயோதிபருக்கும் இருந்த சலுகையைக்கூட எடுத்துவிட்டார்கள், கடன்காரன் தப்பிக்கிறான், சமையலறையில் வேலை செய்கிறவள் வீட்டுக்குப் போகிறாள், இதற்கா காலம் கொடுக்கச் சொல்கிறாய் என்று எழும்பி நின்று கேட்டான். நான் அவன் பக்கம். இன்றைக்கும் அவன் பக்கம்தான். 2022 இல் எரிவாயு வரிசையில் நின்ற எங்களுக்கு, யாரோ மேலே எடுத்த கடனைக் கீழே உள்ளவன் கட்டுவது என்றால் என்னவென்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எப்படி எதிர்ப்பது என்பதிலும் ஒத்துப்போகவில்லை. 2021 மே 2 ஆம் திகதி ரசிகர்கள் கழகத்தின் ஓல்ட் ட்ரஃபர்ட் மைதானத்துக்குள்ளேயே இறங்கி, லிவர்பூலுடனான ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டதை ஒருவன் பெருமையாகச் சொன்னான். அண்ணா அதை ஏற்கவில்லை. 2025 மார்ச்சில் ஆர்சனல் ஆட்டத்துக்கு முன் கறுப்பு உடுத்தி ஊர்வலம் போனார்கள், நாங்களும் கறுப்பு உடுத்துவோம் என்றான் வேறொருவன். ஓகஸ்ட் 17 இல் அதே ஆர்சனலுடன் நடந்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் அங்கே நடக்கவிருந்த ஊர்வலம்கூட, ரட்கிளிஃப் விடயத்தில் ரசிகர்கள் பிளவுபட்டு நின்றதால் ஒத்திவைக்கப்பட்டது. அங்கேயே அப்படி என்றால் எங்கள் வீட்டு விறாந்தையில் எப்படி உடன்பாடு வரும்? ஆனால் ஒரு விடயத்தில் எல்லோரும் நின்றோம். எங்களைப் போலத் தூரத்தில் இருக்கிறவர்கள் அந்தக் கழகத்துக்குக் கொடுப்பது தொலைக்காட்சிப் பார்வையும், ஜேர்சிக்கும் ஸ்காஃபுக்கும் கொடுக்கிற காசும்தான். பார்ப்பதை நிறுத்த முடியாது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். காசை நிறுத்தலாம். ஆகவே அதிகாரபூர்வ முத்திரை உள்ள எதையும் இனி வாங்குவதில்லை, ஓகஸ்ட் 17 ஆர்சனல் ஆட்டத்தை எல்லோரும் பச்சை-பொன் போட்டுக்கொண்டு பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அண்ணா கடைசியாகத்தான் தலையாட்டினார். அவர் தலையாட்டியது எங்களுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பது அந்த விறாந்தையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது உங்கள் பார்சலைப் பாருங்கள். ஒரிஜினல் அனுப்பினோம், கூடுதல் பெறுமதி என்று சொல்கிறீர்கள். எங்களுக்கு வேண்டாம் என்று நாங்கள் கூடி முடிவெடுத்த பொருளே அதுதான். அதிகாரபூர்வப் பொருளின் விலையில் ஒரு பங்கு கழகத்துக்குப் போகிறது. பாடசாலை விட்டு வந்து பகுதிநேர வேலை செய்கிற பொடியனுடைய காசும் அந்தத் தொகைக்குள் இருக்கிறது. எங்கு போகக் கூடாது என்று நினைத்துக் கொடுத்தானோ அங்கேயே அதைப் போகச் செய்திருக்கிறீர்கள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பச்சை இல்லையென்றால் அழைத்து "இல்லை" என்று சொல்ல உங்களுக்கு எத்தனை நிமிடம் பிடித்திருக்கும்? எங்கள் இலக்கம் ஓடரிலேயே இருந்தது. சொல்லியிருந்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்திருப்போம்.

அதைவிட மோசமான காரியம் ஒன்று இருக்கிறது. பார்சல் கட்டும்போது எடுத்த படத்தை உங்கள் முகநூல் பக்கத்தில் போட்டு, "திருகோணமலை யுனைடட் ரசிகர்களுக்கு 20 ஒரிஜினல் ஸ்காஃப்" என்று விளம்பரம் செய்திருக்கிறீர்கள். சின்ன ஊர் இது. அதைக் கண்டவர்கள் எங்களைப் பிடித்துக் கேட்கிறார்கள், இவ்வளவு பேசிவிட்டுச் சிவப்பையே வாங்கினீர்களா என்று. அண்ணா எதுவும் சொல்லவில்லை, ஆனால் படத்தைத் திறந்து தொலைபேசியை என்னிடம் நீட்டினார். விளக்கம் கேட்டு எங்கள் பொடியன் கீழே எழுதிய குறிப்பை அழித்தும்விட்டீர்கள். நாங்கள் வாங்காத பொருளுக்கு எங்களை வாங்கியவர்கள் ஆக்கி ஊருக்குக் காட்டுவதற்கு உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆட்டம் ஓகஸ்ட் 17 இரவு 9 மணிக்கு நடந்து முடிந்துவிட்டது. மத்திய வீதியில் பச்சைத் துணியும் மஞ்சள் துணியும் வாங்கி, தையற்காரரிடம் அவசரமாகத் தைப்பித்து, அதைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். அந்தத் துணிக்கும் தையல் கூலிக்கும் நாங்கள் உங்களிடம் காசு கேட்கவில்லை. ஒரு கோலால் தோற்றோம், அது வேறு கதை. ஆகவே இனி பச்சை ஸ்டொக் வந்ததும் அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டாம், தேவைப்பட்ட நாள் போய்விட்டது. உங்கள் தம்பி சொன்ன வவுச்சரும் வேண்டாம். செலுத்திய தொகை முழுவதும், கூரியர் கட்டணமும் சேர்த்து, இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பணம் வந்த அதே வங்கிக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும். சிவப்பு ஸ்காஃப் இருபதும் பையோடு, லேபலோடு, ஒருமுறையும் போடாமல் பெட்டிக்குள் இருக்கின்றன, உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முகநூல் படத்தை எடுத்துவிட்டு, அந்த ஓடர் பச்சை-பொன் ஸ்காஃபுக்குத்தான் வந்தது, கடை தன் விருப்பத்தில் மாற்றி அனுப்பியது என்று அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். காசைவிட அந்த ஒரு வரிதான் எங்களில் பலருக்கு முக்கியம்.

இது நடக்காவிட்டால் பற்றுச்சீட்டு, நீங்கள் போட்ட படம், வாட்சப் உரையாடல் எல்லாவற்றையும் இணைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போகும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருப்பதே விற்கிறவர் ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுக்காமல் இருக்கத்தான், 1977 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். அங்கே போகாமல் முடிப்பது உங்கள் கையில். பதிலை ஓடர் போட்ட அதே வாட்சப் இலக்கத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓடர் போட்ட இருபது பேர் சார்பில்,
உவர்மலை, திருகோணமலை