இறாலின் முதுகில் இருப்பது நரம்பு அல்ல, டீச்சர்

குமரி மாவட்டத்து அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குளச்சலில் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். விலங்கியல் படித்தவள், அதற்கு முன்பே மீன்காரி மகள். போன மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டைப் புரட்டினேன். 'இறாலின் நரம்பு முதுகுப் பக்கம் கருப்பாக ஓடும்' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்.

எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. "மக்ளே, அந்தக் கருத்த நரம்ப எடுத்தியா?" என்று அம்மா கேட்காமல் எங்கள் வீட்டில் இறால் அடுப்பேறியதில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அது குடல். உள்ளே இருப்பது இறால் தின்றதன் மிச்சம்.

நம் பேச்சில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது நரம்பில், கையில் பச்சையாகப் புடைப்பது நரம்பு (இரண்டும் உண்மையில் ரத்தக்குழாய்), வெற்றிலையில் கிள்ளி எறிவதும் நரம்பு. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? நிஜமான நரம்பைப் பார்க்க வேண்டுமானால் அதே இறாலைக் கவிழ்க்க வேண்டும். ஓட்டை உரித்துவிட்டு, வயிற்றுப் பக்கத்துச் சதையை நடுவே மெல்ல விலக்குங்கள். நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தெரியும். உடலின் ஒவ்வொரு கண்டத்திலும், அதாவது ஒவ்வொரு வளையப் பகுதியிலும், ஒரு சின்ன முடிச்சு, முடிச்சிலிருந்து இரு பக்கமும் கிளைகள். அந்தந்தக் கண்டத்தின் அன்றாட வேலையில் பெரும்பங்கை அந்தந்த முடிச்சே பார்த்துக்கொள்ளும். தலைப்பக்கம் போனால் இந்த நூல் இரண்டாகப் பிரிந்து, உணவுக்குழாயைச் சுற்றிக்கொண்டு, கண்களுக்கு நடுவே இருக்கும் மூளையில் சேரும். இறால் விழுங்குவதெல்லாம் இந்த நரம்பு வளையத்துக்குள் புகுந்துதான் போகிறது.

அப்புறம் ஒரு துண்டு நெய்மீனை எடுங்கள். நடுமுள்ளுக்கு மேலே ஒரு சின்ன ஓட்டையில் வெள்ளைப் பொட்டு இருக்கும்; அது தண்டுவடம். முள்ளுக்குக் கீழே இருண்டு உறைந்திருப்பது ரத்தம். மீனுக்கும் நமக்கும் தண்டுவடம் முதுகில், குடல் வயிற்றில். இறாலுக்கும் சிங்கி இறாலுக்கும் (லாப்ஸ்டர்) தலைகீழ். 1822இல் ஜெஃப்ராய் செயிண்ட் இலேர் என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கி இறாலை மல்லாத்திப் போட்டால் அதன் உள்ளமைப்பு நம்முடையதைப் போலவே இருக்கிறதே என்றார். பலர் சிரித்தார்கள். 1990களில், முதுகு எது வயிறு எது என்று கருவில் தீர்மானிக்கும் ஜீன்கள் பூச்சியிலும் முதுகெலும்புள்ளவற்றிலும் தலைகீழாக வேலை செய்வது தெரிந்தபோது, மனிதர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று ஆனது.

நீங்கள் நரம்பு மண்டலப் பாடத்தை மனித மூளையில் தொடங்குகிறீர்கள். பெருமூளை, சிறுமூளை, முகுளம், படம் வரைந்து பாகம் குறி. வேண்டாம் என்று சொல்லவில்லை, பரீட்சைக்கு வேண்டும். ஆனால் அதோடு நின்றால், மூளை இல்லாததற்கு நரம்பே இல்லை என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கரையில் ஒதுங்கும் சொறிக்கு (ஜெல்லி மீன்) மூளை கிடையாது. உடல் முழுக்க நரம்பு வலை. குடையின் விளிம்பில் இருக்கும் உணர்வு மையங்கள்தான் அதன் துடிப்புக்குத் தாளம் போடுகின்றன. வலையில் சிக்கி வரும் நட்சத்திர மீனுக்கும் மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், கைக்கு ஒரு நரம்பு. எந்தக் கையும் முன்னால் போகலாம், மற்றவை பின்தொடரும். பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) ஏறக்குறைய 50 கோடி நரம்புச் செல்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில். வெட்டிய கை சட்டியில் நெளிவதை எங்கள் வீட்டில் பேய்க்கணவாய் என்ற பெயருக்கே காரணமாகச் சொல்வார்கள். (பெயர்க்காரணத்துக்கு நான் பொறுப்பில்லை.)

ஊசிக்கணவாயை (ஸ்க்விட்) சொல்லாமல் விட மனமில்லை. மேல்சதையை நீளவாக்கில் பிளந்து விரித்தால், உள்பக்கம் செவுளுக்குக் கிட்டே இரு புறமும் நட்சத்திரம் போல் ஒரு முடிச்சு, அதிலிருந்து கதிர்கள். அந்த நரம்புக்குள் ஓடும் ஒற்றை இழை அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். அதை ரத்தக்குழாய் என்றே பார்த்தவர்கள் கடந்து போயிருக்கிறார்கள், 1930களில் ஜே. இசட். யங் அது நரம்பிழை என்று நிறுவினார். ஆக, அம்மா மட்டும் ஏமாறவில்லை. 1939இல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள் மின்முனையைச் செலுத்தி நரம்புத் துடிப்பை அளந்தார்கள். 1963இல் நோபல் பரிசு. அந்தக் கணவாயின் உறவுக்காரர்களைத்தான் நம் ஏலக்கூடத்தில் கூறு கட்டி வைக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். மேற்குக் கரையில் ஜூலை 31உடன் தடைக்காலம் முடிகிறது. ஆகஸ்டில் விசைப்படகுகள் கரையேறும்போது ஒரு நாள் இரண்டு பீரியடை ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்பில் அட்டை, பதினொன்றில் மண்புழுவும் கரப்பானும் பாடத்திலேயே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நரம்பு வயிற்றுப் பக்கம்தான், ஒப்பிட வசதி. ஒரு கூறு இறால், இரண்டு கணவாய், சமையல் கத்தரிக்கோல், ஒரு லென்ஸ் போதும். வாடைக்குப் பயந்தால் மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் வெட்டத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், அம்மாவையும் கூட்டி வருவேன். முடிந்ததும் இறாலை எறிந்துவிடாதீர்கள். கழுவிக் கொடுத்தால் அம்மா அங்கேயே பொரித்துத் தருவாள்.

இப்படிக்கு,
குளச்சல் டியூஷன் டீச்சர் ஒருத்தி